பதினோராவது டேக்

பிற்பகல் 3.41

"கட்" என்று சொன்ன பிறகும் மெத்தைக்கடை முதலாளி எழுந்திருக்கவில்லை.

காலையிலிருந்து பத்து முறை சொதப்பிய மனிதர் அவர். தூங்குவதுபோல் நடிக்க வேண்டும், அவ்வளவுதான். கைக்குழந்தைகூடச் செய்துவிடும். அவருக்கு வரவில்லை. இமை துடித்தது, மூக்கு அரித்தது, உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பதினோராவது டேக்கில்தான் அந்த முகம் கல்லாகக் கிடந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த மைத்துனர், "மாமா! பின்னிட்டீங்க!" என்று கைதட்டினார். தட்டிக்கொண்டே போய்த் தோளைத் தொட்டார். தட்டல் நின்றது.

பிற்பகல் 4.20

இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தபோது படப்பிடிப்பு விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிணத்தின் மேல் அவ்வளவு நல்ல வெளிச்சத்தை அவர் தன் இருபத்திரண்டு வருட சர்வீசில் பார்த்ததில்லை.

பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வருடமாகவே அவருக்கு இப்படித்தான். நல்ல செய்தி, கெட்ட செய்தி எல்லாம் பக்கத்து வீட்டில் ஓடும் டிவி மாதிரி சுவருக்கு அந்தப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. வேலை மட்டும் தவறாமல் நடந்தது. சொல்லப்போனால் முன்னைவிட ஒழுங்காகவே நடந்தது.

கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கைத்தான் படுக்கையறையாக மாற்றியிருந்தார்கள். சத்தம் எதிரொலிக்கக்கூடாது என்று நான்கு சுவரிலும், கதவின் உட்புறத்திலும் மெத்தைகளைச் சாத்திக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒருவன் கத்தினாலும் வெளியே தும்மல் அளவுக்குக்கூடக் கேட்காது. நடுவில் கட்டில். பக்கத்தில் பால் தம்ளர். அடியில் ஒரு விரற்கடை பால் மிச்சம். எதிரே ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் கதை ஒட்டியிருந்தது:

"முதலாளி பால் அருந்துகிறார். படுக்கிறார். உறங்குகிறார். கண் திறந்து, நம்மைப் பார்த்துச் சொல்கிறார்: இத்தனை நாள் படுத்தேன். இன்றுதான் தூங்கினேன்!"

"இத எழுதினது யாரு?"

"நான்தான் மேடம்." கறுப்புத் தொப்பி, கறுப்புச் சட்டை, வெளிச்சம் பார்ப்பதற்கென்று கழுத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிச் சில்லு. விசிட்டிங் கார்டில் 'காட்சிச் சிற்பி' என்று போட்டிருந்தது. ஊரில் அவரை 'விஷன்' என்றுதான் அழைப்பார்கள். வாயைத் திறந்தால் நான்கு வார்த்தைக்கு ஒரு முறை அது வந்து விழும். இதற்கு முன் ஒரு டைல்ஸ் கடைக்கும் இரண்டு பல் டாக்டர்களுக்கும் விளம்பரப் படம் எடுத்திருந்தார். டைல்ஸ் கடைப் படத்தில் டைல்ஸ் தெரியாது; மழை பெய்யும்.

எதிர்க்கடைக்காரர் தன் போனிலேயே மெத்தை மேல் குதித்து ஒரு வீடியோ போட்டிருந்தார். படம் ஆடியது, பேச்சு பாதி கேட்கவில்லை, ஆனால் கூட்டம் அந்தக் கடைக்குப் போனது. அந்த வயிற்றெரிச்சலில்தான் முதலாளி விஷனைப் பிடித்தார். "அவனுது ஆட்டம், நம்மளுது படம். குவாலிட்டின்னா என்னன்னு காட்டறேன்" என்று விஷன் வாக்குக் கொடுத்தார். காட்டியும்விட்டார்.

"பாலை எத்தனை மணிக்குக் குடிச்சாரு?"

"ரெண்டேகால். பத்தாவது டேக் சொதப்பினதும் புதுசா ஒரு தம்ளர் கேட்டேன். ரிகர்சலுக்கு. அதுக்கப்புறம் லைட்டிங் மாத்திட்டிருந்தேன். அவரு படுத்தபடியே கேரக்டருக்குள்ள போயிட்டாரு."

"எந்தக் கேரக்டர்?"

"தூங்கறவர், மேடம்."

"டேக் எப்ப ஆரம்பிச்சது?"

"மூணு இருபத்திரெண்டு. பத்தொம்பது நிமிஷம் விடாம எடுத்தேன். சுத்திச் சுத்தி, எல்லாக் கோணமும்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. கிளாப் அடிச்சதும் மச்சானையும் அனுப்பிட்டேன். ஆள் நடமாடினா நிழல் விழும். சவுண்டுக்காரன் பேட்டரி வாங்கப் போயிருந்தான்."

"உங்களுக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலயா?"

விஷன் கண்களை மூடித் திறந்தார். "அவ்ளோ அமைதி மேடம். குண்டூசி விழுந்தா கேக்கும். நடிப்புன்னு நெனச்சு நான் அப்படியே கரைஞ்சு போயிட்டேன்."

கேமராவைக் கைப்பற்றியபோது அவரே உதவிக்கு வந்தார். "இந்தக் கார்டுல படம் மட்டும்தான் இருக்கும். நல்ல சவுண்டெல்லாம் தனி ரெக்கார்டர்ல போகும். நாங்க புரொஃபஷனல்ஸ்." ஏட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

மற்றவர்கள் சொன்னது சுருக்கமானது. பாலைக் காய்ச்சியது முதலாளியின் மனைவி. கொண்டுவந்து வைத்தது அவர் தம்பி, அதாவது மைத்துனர். வெளிச்சம் நுரையில் விழவில்லை என்று தம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தது விஷன். மேசையில் தன் ரெக்கார்டருக்கு இடம் வேண்டும் என்று அதை நகர்த்தியது ஒலிப்பதிவாளர். ஆக நாலு பேர் கையும் பட்டிருந்தது.

ஏட்டு, மனைவியின் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். தூக்க மாத்திரை. மூன்று குழி காலியாக இருந்தது.

"எத்தனை போட்டீங்க?"

"ஒண்ணு. முந்தாநாள்."

"இங்க மூணு குறையுதே?"

"தெரியல," என்றார் அந்த அம்மாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

மறுநாள் காலை 11.05

"பால்ல தூக்க மாத்திரை இருக்கு," என்றார் அரசு மருத்துவர். "அதிகமில்ல, ரெண்டு இருக்கலாம். அதுல சாக மாட்டாங்க. ஆனா ரத்தத்துல இன்னொண்ணும் இருக்கு. கடுமையான வலி மாத்திரை, முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது. தனித்தனியா ரெண்டும் சாதாரணம். சேந்துச்சுன்னா மூச்சு மெதுவாகி, மெதுவாகி, நின்னுடும். ஆளும் கொஞ்சம் பெருத்த உடம்பு."

"வலி மாத்திரை சாப்பிடறது யார் யாருக்குத் தெரியும்?"

அதற்கு விடை மைத்துனரிடமிருந்து கிடைத்தது. அவர் இன்ஸ்பெக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தார்.

"மேடம், நான் சொன்னேன்னு தெரியவேண்டாம். மாமாவுக்கு முதுகுவலி இருந்ததே எங்க யாருக்கும் தெரியாது. மெத்தை விக்கிறவனுக்கே முதுகுவலின்னா எவன் வாங்குவான்? மூடி மறைச்சிருக்காரு. அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம்…" குரலைத் தாழ்த்தினார். "அக்கா நேத்துலேருந்து அழவே இல்ல மேடம். ஒரு சொட்டு இல்ல. சொந்தக்காரங்க எல்லாம் ஒரு மாதிரி பேசறாங்க."

"நீங்க அழுதீங்களா?"

"நல்லா அழுதேன் மேடம்."

"சந்தோஷம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

மேலதிகாரி போனில் வந்தார். மாத்திரை அவளுடையது, பால் அவள் காய்ச்சியது, இன்னொரு மாத்திரை அவளுக்கு மட்டும் தெரியும், கண்ணில் தண்ணீர் இல்லை. வேறென்ன வேண்டும்? "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அந்தம்மாவ அரெஸ்ட் காட்டிடுங்க. பிரஸ்ஸுக்குச் சொல்லிட்டேன்."

பகல் 12.15

முதலாளியின் மனைவி ஒரு சின்னத் துணிப்பையோடு வந்திருந்தார். உள்ளே இரண்டு புடவை, ஒரு துண்டு, பல் தேய்க்கிற பிரஷ். யாரும் சொல்லாமலே எடுத்துவைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"தூக்க மாத்திரை எதுக்கு?"

"தூங்கறதுக்கு."

"தூக்கம் ஏன் வரல?"

"பக்கத்துல அவரு இருந்தாரே."

ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"குறட்டை," என்றார் அந்த அம்மாள். "படுத்து அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சா விடியற வரைக்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருத்தர் லாரி நிக்குதுன்னு எழுந்து வாசலுக்குப் போய்ப் பாத்தாரு. பத்தொம்பது வருஷமா அப்படித்தான்."

"உங்ககிட்ட மாத்திரை இருக்கறது யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். நேத்து மத்தியானம் சாப்பிடறப்போ நானே சொன்னேன். 'என் மாத்திரைல ஒண்ணக் குடுங்க, அப்பத்தான் இவருக்கு இமை நிக்கும்'னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு." கொஞ்சம் யோசித்தார். "இதச் சொல்லியிருக்கக்கூடாதோ?"

"கைப்பை எங்க இருந்தது?"

"மேக்கப் போட்ட நாற்காலியில. எல்லாரும் அதத் தாண்டித்தான் போவாங்க."

இன்ஸ்பெக்டர் அந்த முகத்தைப் பார்த்தார். அந்த வறட்சி எங்கேயிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். தினமும் காலையில் தலைவாரும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான். அதை ஆதாரம் என்று எழுதினால் முதலில் தன்னைத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

பகல் 1.10

ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. கேட்டு எழுதிப்போட்ட கடிதத்துக்கு நான்கு வருடமாகப் பதில் இல்லை. ஆகவே பதினொரு டேக்கையும் இன்ஸ்பெக்டரும் ஏட்டும் ஊமைப்படமாகப் பார்த்தார்கள்.

டேக் ஒன்று. மைத்துனரின் கை கிளாப் பலகையை முதலாளியின் மூக்குக்கு நேராக நீட்டுகிறது. மேல்கட்டை கீழே விழுகிறது. முதலாளியின் இமை துள்ளுகிறது. அப்புறம் அதை அடக்கவே முடியவில்லை.

டேக் இரண்டு, மூன்று, நான்கு. கட்டை விழும்போதெல்லாம் இமை துள்ளியது. ஒவ்வொரு முறையும் கடைசியில் எழுந்து உட்கார்ந்து வசனத்தைச் சொல்கிறார். வாயசைவு மட்டும் தெரிகிறது. ஏழாவதில் வசனத்துக்கு நடுவே தும்மல்.

"பாவம், மனுஷன் ரொம்ப முயற்சி பண்ணியிருக்காரு," என்றார் ஏட்டு.

டேக் பதினொன்று. பலகை வருகிறது. கட்டை மெதுவாகத் தாழ்கிறது. நடுவில் மைத்துனரின் இரண்டு விரல்கள். கட்டை அந்த விரல்கள் மேல் படிகிறது. முதலாளியின் இமை அசையவில்லை.

"நிறுத்துங்க. விரலை நசுக்கிக்கிட்டானா?"

"இல்லயே மேடம். மெதுவா வச்சுக்கிறாப்லதான் இருக்கு."

மைத்துனரைப் போனில் பிடித்தார்கள். "அதுவா? விஷன் சார்தான் இந்தத் தடவை விரலை நடுவுல வச்சுப் பிடிங்கன்னாரு. ஏன்னு கேட்டேன். 'இது உங்களுக்குப் புரியாது, சினிமா கிராமர்' அப்படின்னாரு."

"ஏட்டய்யா, ரெக்கார்டர்ல சவுண்டு எத்தனை இருக்கு?"

"பத்து, மேடம்."

"படம் பதினொண்ணு."

பிற்பகல் 2.30

ஒலிப்பதிவாளரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லியான மனிதர். பேசுவது அவருக்குப் பிடித்த தொழில் இல்லை போலிருந்தது.

"கிளாப்புக்கு நடுவுல விரல் வச்சா என்ன அர்த்தம்?"

"இந்த ஷாட்டுக்கு சவுண்டு இல்லன்னு அர்த்தம்," என்றார் அவர் உடனே. "கட்டை அடிக்கிற சத்தத்த வச்சுத்தான் படத்தையும் ஒலியையும் பொருத்துவோம். ஒலியே எடுக்கலன்னா விரலை நடுவுல குடுத்துக் காட்டிடுவாங்க. எடிட் பண்றவன் சத்தத்தைத் தேடிட்டு உக்காந்திருக்க வேண்டாம்ல? பழைய வழக்கம்."

"தூங்கறவர எழுப்பாம இருக்கறதுக்காகவும் அப்படிப் பண்ணலாமா?"

"நடிக்கிறவர எதுக்கு மேடம் எழுப்பாம இருக்கணும்?"

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "நீங்க பேட்டரி வாங்கப் போனது?"

"அவருதான் அனுப்பினாரு. என் பையில நாலு புதுசா இருக்குன்னேன். 'போன்னா போ'ன்னாரு. இந்த ஷாட்டு ஊமைன்னு எனக்கு இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும்." சற்றுத் தயங்கினார். "ஆனா வசனம் இருக்கே. கண்ணத் திறந்து பேசணுமே."

"அதான் எனக்கும் புரியல. கேமரா கார்டுல சத்தமே இருக்காதுன்னாரு விஷன்."

காதுக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "அவரு அப்படித்தான் சொல்லுவாரு. அவரப் பொறுத்தவரை அது சத்தமே இல்ல. கேமராவுக்குன்னு உள்ளயே ஒரு சின்ன மைக் இருக்கு மேடம். மட்டமான மைக், ஒரே இரைச்சல். அத எவனும் பயன்படுத்த மாட்டான். பொருத்திப் பாக்கறதுக்கு ஒரு அடையாளமா ஓடிட்டிருக்கும், கடைசில தூக்கிப் போட்டுடுவோம். அணைக்கணும்னுகூட யாருக்கும் ஞாபகம் வராது."

பையிலிருந்து ஹெட்போனை எடுத்து கம்ப்யூட்டரில் செருகினார். இன்ஸ்பெக்டர் காதில் மாட்டிக்கொண்டு பத்தொன்பது நிமிடமும் கேட்டார். ஏட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்திலிருந்து அவருக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

பிற்பகல் 3.45

விஷன் புதுத் தொப்பியோடு வந்தார். மேசை மேல் கேமராவைப் பார்த்ததும், "லென்ஸ்ல கை வெக்காதீங்க," என்றார் ஏட்டிடம்.

"விரலை நடுவுல வைக்கச் சொன்னது ஏன்?"

"ஓ, அதுவா? ஊமை ஷாட். டப்பிங்ல வசனத்தப் போட்டுக்கலாம்னு."

"டப்பிங்னா உதடாவது அசையணும்ல? கண்ணத் திறக்கணும். கதையில நீங்கதான் எழுதியிருக்கீங்க. பத்து டேக்ல அவரு எழுந்து பேசினாரு, பத்துக்கும் சவுண்டு எடுத்தீங்க. பதினொண்ணாவதுக்கு மட்டும் சவுண்டுக்காரர வெளிய அனுப்பிட்டு, கிளாப்பையும் ஊமையாக்கினீங்க. அவரு எழுந்து பேசப்போறதில்லன்னு கிளாப் அடிக்கும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"மேடம், அவரு லேசா… கண் அசந்துட்டாரு. தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு."

"நேத்து நடிப்புன்னு நெனச்சேன்னீங்க."

"ஒரு விதத்துல ரெண்டும்…"

"அமைதியா இருந்துச்சு, குண்டூசி விழுந்தா கேக்கும்னும் சொன்னீங்க. அவரு தூங்கினா குறட்டை தெருவுக்கே கேக்கும். சுவத்துல மெத்தை இருந்ததால வெளிய கேக்கல. உள்ள இருந்த ஒரே ஆள் நீங்க."

இன்ஸ்பெக்டர் ஹெட்போனை விஷன் பக்கம் தள்ளினார். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டார்.

இரைச்சல். மைத்துனர் வெளியே போய்க் கதவு சாத்தும் சத்தம். சற்றுக் கழித்து இரைச்சலுக்குள் ஒரு குறட்டை எழுகிறது. பழைய இயந்திரம் மாதிரி ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. நடுவே விஷனின் குரல்: "ச்சே, வாயத் திறந்துட்டு…" பிறகு காலடிச் சத்தம். குறட்டைக்கும் குறட்டைக்கும் இடைவெளி நீள்கிறது. ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு நீண்ட இழுப்பு. அப்புறம் இரைச்சல் மட்டும். கொஞ்சம் கழித்து, மிக அருகில், ரகசியம்போல அந்தக் குரல்: "அப்பாடா. இதான். இதான் எனக்கு வேணும்." அதற்குப் பிறகு பத்து நிமிடம், சுற்றிச் சுற்றி, எல்லாக் கோணமும்.

விஷன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஆடியோ ரொம்ப மோசமா இருக்கு மேடம்," என்றார்.

"எத்தனை மாத்திரை?"

"ரெண்டு. ரெண்டே ரெண்டு. இமை அடங்கணும்னுதான். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களே, அப்பத்தான் தோணிச்சு. தூங்கற முகத்த எடுத்துட்டு, எழுந்தப்புறம் வசனத்தத் தனியா எடுத்துக்கலாம்னு… இமை ஆடுனா பெரிய திரையில அசிங்கமாத் தெரியும் மேடம். குவாலிட்டி போயிடும். அவருக்கு முதுகுவலி, வேற மாத்திரைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் இது கொலைன்னு எழுதப்போறதில்ல. அவரு செத்தது தெரிஞ்சப்புறம் அந்தம்மாவோட பையிலிருந்து மாத்திரை அட்டையை ஏட்டு எடுத்தாரே, நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா."

"குறையற ரெண்டும் யாரு எடுத்ததுன்னு அப்பத் தெரியும்ல?"

விஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

மாலை 4.50

மேலதிகாரியிடம் இன்ஸ்பெக்டர் போனில் விவரத்தைச் சொன்னார். "அப்ப பிரஸ்ஸுக்கு?" என்றது மறுமுனை. "பேரை மட்டும் மாத்திச் சொல்லுங்க சார், நேரம் அதேதான்," என்று வைத்துவிட்டார்.

முன்னறையில் அந்த அம்மாள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நீங்க வீட்டுக்குப் போலாம்."

"யாரு?"

சொன்னார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். மாத்திரையையும் சொன்னார், காரணத்தையும் சொன்னார். 'இமை' என்ற சொல் வந்தபோது மட்டும் அந்த அம்மாள் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார்.

"எனக்கு இன்னும் ஒண்ணும் ஆகல மேடம். அழுகை வரல. கோபமும் வரல. ஏதோ பேப்பர்ல படிக்கிற மாதிரி இருக்கு."

"வரும்போது வரட்டும்."

"வராமலே போச்சுன்னா?"

இன்ஸ்பெக்டர் பேனாவையும் காகிதத்தையும் அவர் பக்கம் நகர்த்தினார். "அதுக்குச் சட்டத்துல செக்‌ஷன் எதுவும் இல்ல," என்றார். அந்த அம்மாள் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டாரோ, தகவலாக எடுத்துக்கொண்டாரோ, தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார்.

வாசலில் மைத்துனர் காரை நிறுத்தி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். விஷயம் அதற்குள் தெரிந்திருந்தது. முகம் நனைந்திருந்தது, இவருக்கு அழுகைக்குப் பஞ்சமே இல்லை.

"அக்கா! வாக்கா, வீட்டுக்குப் போலாம். எனக்குத் தெரியும், நீ ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன்னு."

அந்த அம்மாள் தம்பியைப் பார்த்தார், திறந்திருந்த கதவையும் பார்த்தார்.

"அழாத பொம்பளைய பக்கத்துல உக்கார வச்சு ஓட்டிட்டுப் போகப் பயமா இருக்காது உனக்கு?"

"அக்கா, அது வந்து… அப்படி யாரு சொன்னா?" அவர் பார்வை இன்ஸ்பெக்டர் பக்கம் பாய்ந்தது.

"யாரும் சொல்லல. நீ என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா? கையப் பிடிச்சு நடை பழக்கினவ நான்." துணிப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நீ போ. நான் நடந்தே வரேன்."

வெயில் இறங்கிவிட்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களையும் பழக்கடையையும் தாண்டி, அவசரப்படாமல், ஒரே சீராக அந்த அம்மாள் நடந்து போனார். மைத்துனர் காரைக் கிளப்பி, பத்தடி பின்னால், அவர் வேகத்துக்கு உருட்டிக்கொண்டே போனார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. அந்த அம்மாள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.